கேட்டவர்: சர்வர்

அந்த ரத்தப் பரிசோதனை நிலையத்தில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அங்கிருந்த கம்ப்யூட்டர்களையும், அவற்றுக்கெல்லாம் தலையான சர்வர்களையும் பார்த்துக்கொள்வது அவர் வேலை. சேர்ந்த முதல் மாதமே ‘சர்வர்’ ஆகிவிட்டார். ஹோட்டலில் காபி கொண்டுவந்து வைக்கிறவருக்கும் அதே பெயர்தான் என்பது மேனேஜருக்கு அலுக்காத நகைச்சுவை. மாடிப்படிக்கு அடியில் இருந்த அவருடைய அறையைத் தாண்டும்போதெல்லாம், “சர்வர், ரெண்டு காபி, ஒண்ணுல சர்க்கரை வேண்டாம்” என்று சொல்லிவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார்.

“தீந்துடுச்சு சார்” என்பார் சர்வர், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பதினோரு வருடம். ஒரு சொல் மாறியதில்லை.

வரவேற்பு ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த அவருடைய தங்கைக்கு அந்தச் சிரிப்பு தினமும் கேட்கும். அவள் அங்கே சேர்ந்து பதின்மூன்று வருடம். ஆள் வேண்டும் என்றபோது “எங்க அண்ணன் இருக்கார்” என்று சொல்லி அழைத்துவந்தவளே அவள்தான். அந்தச் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் தன் வாயைத் தானே கிள்ளிக்கொள்ளத் தோன்றும்.

அண்ணனுக்கு ஒரு குணம் உண்டு. யாரிடமும் எதையும் கேட்கமாட்டார். அறையில் குளிர்சாதனம் மெஷின்களின் பக்கம் திரும்பி இருந்தது. தன் பக்கம் கொஞ்சம் திருப்பச் சொல்லி அவர் கேட்டதில்லை. நாற்காலியின் ஒரு கை உடைந்து இரண்டு வருடமாயிற்று. மாற்றித் தரச் சொல்லிக் கேட்டதில்லை. பெண் கேட்டும் எந்த வீட்டுப் படியும் ஏறவில்லை. தங்கை வீட்டு மொட்டைமாடி அறையில், ஒரு கட்டிலும் இரண்டு அலமாரி புத்தகமுமாக, நாற்பத்தாறு வயதுவரை வந்து சேர்ந்துவிட்டார். அப்படிப்பட்டவர் அந்த நிலையத்தில் வாய் திறந்து கேட்டது ஒரே ஒரு விஷயம். அதையும் இரண்டு வருடம் கேட்டார். அது அவருக்காக அல்ல.

நிலையம் ஒரு பெண் டாக்டருடையது. பெரிய டாக்டர் என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். சின்ன டாக்டர் என்று யாரும் இல்லை. அவருக்கு ஒரு மாப்பிள்ளை. மகளைக் கட்டிக்கொண்ட மறுவருடமே, நோயாளிகள் தங்கள் ரிப்போர்ட்டை வீட்டிலிருந்தே பார்க்க, நிலையத்தின் வெப்சைட்டையும் கட்டினார். கட்டினார் என்றால், எங்கோ இலவசமாகக் கிடைத்த ஒன்றை இறக்கி, பெயரை மாற்றி, ஒரு இலையும் ஒரு சொட்டு ரத்தமும் சேர்ந்த சின்னத்தை மேலே ஒட்டினார். வெளி கம்பெனியில் வைத்தால் நம்பிக்கை இல்லை, நம் கூரைக்கடியிலேயே இருக்கட்டும் என்று படிக்கட்டு அறையில் இன்னொரு மெஷினாக அதைக் கொண்டுவந்து வைத்தது பெரிய டாக்டர். பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், நோயாளிகளின் ரிப்போர்ட்டுகள் எல்லாம் இருக்கும் மெஷின்.

வெப்சைட்டில் மாப்பிள்ளை தன் சொந்த மூளையிலிருந்து போட்டது ஒரே ஒரு பெட்டி. ‘பழைய ரிப்போர்ட் வேறெங்காவது இருக்கிறதா? இணைப்பை இங்கே ஒட்டுங்கள், நாங்களே எடுத்துக்கொள்கிறோம்.’ நோயாளி இன்னொரு ஆஸ்பத்திரியின் இணைப்பை ஒட்டினால் வெப்சைட் தானே போய் அந்த ரிப்போர்ட்டை எடுத்துவந்து திரையில் காட்டும். திறப்புவிழாவில் இதற்குத் தனியாகக் கைதட்டினார்கள். தட்டியவர்களில் பாதிப்பேர் மாப்பிள்ளையின் சொந்தக்காரர்கள்.

சர்வர் அன்றைக்கே மேலே போனார். தங்கை ஏதோ கையெழுத்து வாங்க அங்கே நின்றிருந்ததால் முழுதும் அவள் காதில் விழுந்தது.

“மேடம், அந்தப் பெட்டியில யார் எந்த முகவரியைப் போட்டாலும் வெப்சைட் எழுந்து போயிடுது. வெளி முகவரின்னா வெளிய போகுது. உள் முகவரி போட்டா உள்ள போகும். ரிப்போர்ட் மெஷின் வரைக்கும்.”

“வெளியாள் உள்ள வரவே முடியாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?”

“வெளியாள் வரலை மேடம். நம்ம ஆளையே அனுப்பறான்.”

பெரிய டாக்டர் மாப்பிள்ளையைப் பார்த்தார். மாப்பிள்ளை தன் போனைப் பார்த்தார்.

சர்வர் விடவில்லை. “ஹோட்டல்ல சர்வர்கிட்ட சீட்டு எழுதிக் கொடுக்கறாங்கன்னு வைங்க. காபின்னு எழுதினா காபி கொண்டு வருவான். ‘முதலாளி ரூம், மேஜை டிராயர், மேலாப்புல இருக்கிற கவர்’னு எழுதினா? வேற யாராவது போனா வாசல்லயே நிறுத்திக் கேப்பாங்க. சர்வர் போனா கேக்க மாட்டாங்க, நம்ம ஆள்தானேன்னு விட்டுடுவாங்க. நம்ம ரிப்போர்ட் மெஷின் அப்படித்தான் இருக்கு. நாங்க திறந்தா பாஸ்வேர்டு கேக்குது. வெப்சைட் வந்தா கேக்கறதில்லை. நம்பிடுது.”

“வீட்டுக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் நம்பாம எப்படி அங்கிள்?” என்றார் மாப்பிள்ளை. “ரொம்ப நெகட்டிவா இருக்கீங்க.”

“சர்வரே சர்வரைப் பத்திக் கோள் சொல்றார் பாருங்க மேடம்” என்று மேனேஜர் எடுத்துக்கொடுக்க, அறையே சிரித்தது.

அத்தோடு முடிந்தது. அதற்குப் பிறகு ஆறு மாதத்துக்கு ஒருமுறை சர்வர் கடிதம் எழுதுவார். அதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கும்: அச்சடித்துக் கொடுக்கும் ஒவ்வொரு ரிப்போர்ட்டின் அடியிலும் எறும்பு எழுத்தில் அந்த உள் மெஷினின் முகவரி விழுகிறது, கடைசியில் ரிப்போர்ட் எண்ணோடு, அதையாவது நிறுத்துங்கள். மேனேஜர் ஒருமுறை பதில் சொன்னார்: “இருக்கட்டும் சர்வர். பார்க்க ஒரு கவர்ன்மென்ட் களை இருக்கு.”

இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை ஸ்கூல் வேன் டிரைவர் ஒருவர் ஜன்னலுக்கு வந்தார். ஐம்பது வயது இருக்கும். கையில் நாலாக மடித்த தாள். சத்தம் போடவில்லை.

“என் சர்க்கரை ரிப்போர்ட்டும்மா. என்கிட்ட கொடுக்கறதுக்கு முன்னாடி எங்க ஸ்கூல் ஆபீசுக்குப் போயிருக்கு. யாரோ கவர்ல போட்டு வெச்சுட்டுப் போயிருக்காங்க. வேனை வேற ஆள்கிட்ட கொடுத்துட்டாங்க. யார் கொடுத்தீங்கன்னு மட்டும் சொல்லுங்க.”

தங்கை தாளை வாங்கி அண்ணனிடம் ஓடினாள். அவர் அதைப் பார்த்துவிட்டு, மேலே இருந்த இலையையும் ரத்தச் சொட்டையும் விரலால் தொட்டார்.

“இது நம்ம பிரிண்டர்ல வந்தது இல்லை பாப்பா. உள்ள அடிச்சா இந்தப் படம் வராது. வெப்சைட்ல வந்திருக்கு.” பிறகு எண்ணைப் பார்த்தார். “அன்னிக்கு இவருக்கு அடுத்து யார் வந்தது?”

“அதே ஸ்கூல்ல இன்னொரு டிரைவர்.”

“அவன் தாள்ல அடியில இருக்கிற முகவரியை அந்தப் பெட்டியில போட்டு, கடைசி எண்ல ஒண்ணைக் குறைச்சிருக்கான். அவ்வளவுதான். இதுக்கு அறிவு வேண்டாம். பொறாமை இருந்தாப் போதும்.”

இதை மேனேஜரிடம் போய் நிரூபிக்க வேண்டுமே. வெப்சைட்டில் யார் எதை ஒட்டினார்கள் என்ற குறிப்பை, இடத்தை அடைக்கிறது என்று மாப்பிள்ளை எப்போதோ நிறுத்திவிட்டிருந்தார். மிஞ்சியது ரிப்போர்ட் மெஷினின் குறிப்பேடு ஒன்றுதான். எந்த ரிப்போர்ட்டை யார் திறந்தாலும் அதில் ஒரு வரி விழும்: நாள், நேரம், எண், கேட்டவர். ஊழியர் திறந்தால் ஊழியர் பெயர். வெப்சைட் வந்தால், அதை அமைத்தவன் எவனோ வைத்தபடி, ஆங்கிலப் பெரிய எழுத்தில் ‘சர்வர்’.

மேனேஜர் அந்த வரியைப் பார்த்தார். நேரம் சரி, எண் சரி. கேட்டவர்: சர்வர்.

பிறகு, புதையல் எடுத்தவர் மாதிரி, அந்தத் தாளை உருட்டிக் கையில் வைத்துக்கொண்டு மாடி ஏறினார்.

அன்று மாலைக்குள் கட்டடம் முழுக்கத் தெரிந்துவிட்டது. சர்வரே எடுத்துக் கொடுத்துவிட்டார். பேரே விழுந்திருக்கிறது. ஊசி போடும் பெண்கள் அவரைக் கண்டால் தட்டை மறைத்துக்கொண்டு போனார்கள், ஏதோ ரத்தம் எடுத்த குழாயையும் சேர்த்துத் திருடிவிடுவார் போல. “அது மெஷின் பேரு, ஆள் பேரு இல்லை” என்று தங்கை ஒவ்வொரு மேஜையாகப் போய்ச் சொன்னாள். “எல்லாருக்கும் தெரிஞ்ச பேருதானேம்மா” என்றார்கள். பதினோரு வருடம் ஒரு மனிதனை மெஷின் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டு, மெஷின் செய்ததை மனிதன் தலையில் கட்டுவதில் அங்கே ஒருவருக்கும் உறுத்தல் இல்லை. வெள்ளிக்கிழமை விசாரணை என்று தேதி வைத்தார்கள். ஆள் குறைவு என்று விசாரணைக் குறிப்பு எழுதும் வேலையையும் அவளிடமே கொடுத்தார்கள். அண்ணன் மேல் விசாரணை, எழுதுகிறது தங்கை. அதுவும் யாருக்கும் உறுத்தவில்லை.

அந்த வாரம் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மாடி ஏறும்போது நடுப்படியில் நின்று மூச்சு வாங்கினார். முழங்கைக்குக் கீழே நீலமாகக் கன்றியிருந்தது.

“என்னண்ணா இது?”

“மெஷின் முனை இடிச்சுது.”

“ரெண்டு கையிலயுமா?”

“ரெண்டு மெஷின் இருக்கே.”

“சிரிக்காதே. நாலு நாள் லீவு போடு. டாக்டரைப் பாரு.”

“இப்ப லீவு போட்டா ஓடிட்டான்னு சொல்லுவாங்க பாப்பா. வெள்ளிக்கிழமை முடியட்டும். எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம். நான் எடுக்கலைன்னு அவங்க வாயால சொல்லணும்.”

அவர் தனக்காக ஒன்று வேண்டும் என்று சொல்லி அவள் கேட்டது அதுதான் முதல் தடவை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு மாடி அறையில் கூடினார்கள். நீள மேஜை, பிளாஸ்டிக் பூ, சுவர் முழுக்கச் சான்றிதழ். பெரிய டாக்டர் நடுவில். ஒரு பக்கம் மேனேஜர், ஒரு பக்கம் மாப்பிள்ளை. டிரைவர் கதவோரம் நாற்காலி நுனியில். தங்கை மேஜைக் கோடியில், குறிப்பு நோட்டோடு. சர்வரை உட்காரச் சொல்ல யாருக்கும் நினைவில்லை; அவரும் கேட்கவில்லை. தண்ணீர் கேனுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றார்.

மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டு குறிப்பேட்டை வாசித்தார். ‘கேட்டவர்’ என்ற இடத்தில் நிறுத்தி, எல்லோர் முகத்தையும் பார்த்துவிட்டு, “சர்வர்” என்று முடித்தார். “இதுக்கு மேல என்ன சொல்றீங்க?”

“ஒண்ணும் சொல்லலை சார். உங்க போனைக் கொஞ்சம் எடுங்க. வைஃபையை அணைச்சிடுங்க. இப்ப நீங்க தெருவில போற வெளியாள் மாதிரி. நம்ம வெப்சைட்டைத் திறங்க. பழைய ரிப்போர்ட் பெட்டி வருதா?”

“வருது.”

“டிரைவர் தாள்ல அடியில இருக்கிற முகவரியை அப்படியே அடிங்க. கடைசி எண் மட்டும் வேற.”

“எந்த எண்?”

“ஏதாவது ஒண்ணு போடுங்க” என்றார் மாப்பிள்ளை. “ஒண்ணும் வரப்போறதில்லை.”

“ஏதாவது ஒண்ணுன்னா அது யாரோ ஒருத்தரோட ரத்தம் தம்பி” என்றார் சர்வர். “நான் சொல்றேன், எழுதிக்கங்க.” ஆறு இலக்க எண் ஒன்றை, யோசிக்காமல், ஒப்பிக்கிற மாதிரி சொன்னார்.

அண்ணனுக்கு ஏன் ஒரு ரிப்போர்ட் எண் மனப்பாடமாக இருக்கிறது என்று அவளுக்குள் ஒரு நொடி கேள்வி எழுந்தது. அந்த எண்ணையும் குறிப்பில் எழுதினாள்.

மேனேஜர் ஒற்றை விரலால் குத்திக் குத்தி அடித்தார். போனில் ஒரு வட்டம் சுற்றியது. இலையும் ரத்தச் சொட்டும் வந்தன. அதன் கீழே ஒரு முழு ரிப்போர்ட் வந்து நின்றது.

“வந்துடுச்சே” என்றார் மேனேஜர். வாங்கிய கடனைத் திருப்பிக் கேட்கப்பட்டவர் மாதிரி இருந்தது முகம்.

“பாஸ்வேர்டு கேட்டுதா?”

“இல்லை.”

“இப்ப குறிப்பேட்டைத் திறங்க சார். கடைசி வரி.”

மாப்பிள்ளையின் லேப்டாப்பில் திறந்தார்கள். இன்றைய தேதி. பதினொன்று நாற்பத்திரண்டு. அதே ஆறு இலக்கம். கேட்டவர்: சர்வர்.

“நான் இங்க கைகட்டி நிக்கறேன்” என்றார் சர்வர். “கேட்டது உங்க போன்.”

அவளுக்கு எழுந்து ஆடவேண்டும் போல இருந்தது. டிரைவர் முதல்முறையாக நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார். மேனேஜர் போனை மேஜைமேல் வைத்து, அது கடித்துவிடும் போல, ஒரு சாண் தள்ளினார். தள்ளிய வேகத்தில் அது பெரிய டாக்டர் முன்னால் போய் நின்றது.

பெரிய டாக்டர் குனிந்து பார்த்தார். அவர் என்ன இருந்தாலும் டாக்டர். படித்த படிப்பு கண்ணில் எங்கோ மிச்சம் இருந்தது. மேலே இருந்த பெயரைப் பார்க்கவில்லை. எண்களைப் பார்த்தார். சிவப்பில் இருந்த ஒன்றின்மேல் விரல் நின்றது.

“வெள்ளை அணு ஒன்றரை லட்சம். பத்தாயிரம் இருக்கவேண்டிய இடத்துல. இது யாரு? இந்த ஆள் எங்க இருக்கார்? உடனே கூப்பிடணும்.”

அவள் எழுந்துபோய் டாக்டரின் தோளுக்குப் பின்னால் நின்று போனைப் பார்த்தாள். யாரும் கூப்பிடாத அந்தப் பெயர் மேலே இருந்தது. வயது நாற்பத்தாறு. ஊழியர் வருடாந்தரப் பரிசோதனை. தேதிக்கு மூன்று வாரம் ஆகியிருந்தது.

“இதை யார் பார்த்து அனுப்பினது?” என்றார் பெரிய டாக்டர். குரல் இறங்கியிருந்தது.

“நீங்கதான் மேடம்” என்றார் சர்வர். “அடியில கையெழுத்து இருக்கு.”

இருந்தது. ஒரு நாளைக்கு நூற்றைம்பது ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கை வலிக்கிறது என்று, அதுவும் தானாக விழும்படி மாப்பிள்ளை செய்துகொடுத்திருந்தார். அதற்கும் ஒரு கைதட்டல் நடந்தது.

“அண்ணா” என்றாள் அவள்.

“அது வேற விஷயம் பாப்பா. நீ போய் எழுது. கேட்டவர் யாருன்னு இங்க எல்லாரும் பார்த்தாச்சுன்னு எழுது.”

அவள் போய் உட்கார்ந்து எழுதினாள். அந்தப் பக்கத்தில் அவளுடைய கையெழுத்தை இன்றைக்கும் யாராலும் படிக்கமுடியாது.

திங்கட்கிழமை காலை, ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முன்னால், அவர் நிலையத்துக்கு வந்தார். இனி யார் தடுப்பது? அந்தப் பெட்டி வழியாக வெப்சைட் போகக்கூடிய இடங்கள் என்று தெரிந்த ஆஸ்பத்திரிகளின் பட்டியல் ஒன்றைப் போட்டு, அதைத் தவிர வேறெங்கும் அந்தப் பெட்டி எட்டிக்கூடப் பார்க்காதபடி செய்தார். வெப்சைட்டே வந்தாலும் ரிப்போர்ட் மெஷின் பாஸ்வேர்டு கேட்கும்படி மாற்றினார். தாளின் அடியில் விழுந்த முகவரியை எடுத்தார். மொத்தம் நாற்பது நிமிடம். அவள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வாசலில் நின்றாள். இரண்டு வருடமாக நேரமில்லை, ஆளில்லை, அவசியமில்லை என்று தள்ளிப்போட்ட வேலை. நாற்பதே நிமிடம்.

நிலையமும் தன் பங்குக்கு ஒன்று செய்தது. வரவேற்பு ஜன்னலில் சிவப்பு எழுத்தில் அறிவிப்பு ஒட்டினார்கள்: ‘வெப்சைட்டில் தவறான இணைப்புகளைத் தரவேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறோம்.’ திருடனைக் கேட்டுக்கொள்வதில் அவர்களுக்கு இருந்த மரியாதை தனி.

கடிதமும் வந்தது. ‘மேற்படி ஊழியர் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை.’ அவள் அதை எடுத்துக்கொண்டு மேனேஜரிடம் போனாள்.

“நிரூபிக்கப்படலைன்னா என்ன சார் அர்த்தம்? அவர் எடுக்கலைன்னு எழுதுங்க. நீங்கதானே எடுத்தீங்க, உங்க போன்ல?”

“லீகலா இப்படித்தான்மா எழுதணும். அப்புறம் மாப்பிள்ளை பேரு அடிபடும்.”

அந்தக் கடிதத்தை அவள் அண்ணனிடம் காட்டவில்லை. “எழுதிட்டாங்களா?” என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்து கேட்டபோது, “எழுதிட்டாங்க, நீ எடுக்கலைன்னு தெளிவா எழுதிட்டாங்க” என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஆட்டினார். நம்பினாரா தெரியாது. எதையும் சும்மா நம்புகிற ஆள் இல்லை அவர்.

நிலையத்திலிருந்து ஒருவரும் வந்து பார்க்கவில்லை. வேன் டிரைவர் மட்டும் இரண்டு முறை வந்தார், ஒரு பையில் ஆரஞ்சுப் பழத்தோடு. வேலை திரும்பக் கிடைக்கவில்லை. யார் கொடுத்தால் என்ன, சர்க்கரை உன்னுடையதுதானே என்று ஸ்கூலில் கேட்டார்களாம். இருவரும் அதிகம் பேசியதில்லை. டிரைவர் பழத்தை உரிப்பார், சர்வர் ஒரு சுளை வாங்கிக்கொள்வார். எட்டாவது மாதம் அவர் போய்விட்டார். மூன்று வாரம் முன்பே வந்திருந்தால் என்று அங்கிருந்த டாக்டர் ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

படிக்கட்டு அறைக்கு இப்போது ஒரு பெண் வந்திருக்கிறாள். வந்த மறுநாளே மேனேஜர் வாசலில் நின்று, “சர்வர், ரெண்டு காபி” என்று ஆரம்பித்தார்.

“அவளுக்குப் பேர் இருக்கு சார்” என்றாள் தங்கை, ஜன்னலிலிருந்தே. பாதியில் நின்ற சிரிப்பை மேனேஜர் இருமலாக மாற்றிக்கொண்டு போனார்.

வருடக் கடைசியில் தணிக்கைக்கு என்று ரிப்போர்ட் மெஷினின் குறிப்பேட்டை அச்செடுக்கச் சொன்னார்கள். அந்தப் பெண் எடுத்துக் கொடுக்க, சரிபார்க்கும் வேலை தங்கைக்கு. பக்கம் பக்கமாகப் புரட்டினாள். வருடத் தொடக்கத்தில் நாளுக்குப் பத்து இடத்தில் அந்தப் பெயர் இருந்தது. கேட்டவர்: சர்வர். கேட்டவர்: சர்வர். பிறகு அந்த வெள்ளிக்கிழமை வந்தது. பதினொன்று நாற்பத்திரண்டு. மனப்பாடமான ஆறு இலக்கம்.

அதற்கு அடுத்த திங்கள் முதல் அந்த இடத்தில் ‘வெப்சைட்’ என்று இருந்தது. நாற்பது நிமிடத்தில் அதையும் மாற்றிவிட்டுத்தான் போயிருக்கிறார், அவளிடம்கூடச் சொல்லவில்லை. அவள் கடைசிப் பக்கம்வரை விரல் வைத்துப் பார்த்தாள். அந்தப் பெயரில் அதற்குப் பிறகு யாரும் எதையும் கேட்டிருக்கவில்லை.